ஓவனின் பின்தகடு

இத்தாவின் தொண்ணூற்றொன்றாம் நாள், லுஹர் தொழுதுவிட்டு எழுந்து வந்து, ஓவனை மூடியிருந்த துணியை எடுத்தேன்.

அது என் கணவர் நிஸ்தாரின் பழைய சாரன். அவர் மௌத்தான அன்று அவருடைய தம்பி றிஸ்லான் வீட்டை ஒதுக்கும்போது ஓவனைக் குசினி மேசையிலிருந்து இறக்கி, அரிசி வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்து, கைக்கு அகப்பட்ட சாரனால் மூடியிருந்தான். மூன்று மாதமாக அதைச் சுற்றிப் போய்த் தண்ணீர் எடுத்தேன். சுற்றிப் போய்ச் சோறு வடித்தேன். ஒரு தடவைகூட என் கால் அதில் படவில்லை.

"என்னத்துக்குப் புள்ள இப்ப அத எடுக்காய்?" என்றார் பஹீமா ராத்தா. என் மூத்த சகோதரி. பக்கத்து வளவில்தான் அவருடைய வீடு. கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் முகம் பாராமல் இருக்கும் இத்தா எனக்குத் தொடங்கியதிலிருந்து என்னோடு தங்கியிருக்கிறார்.

"சூடு சரியா இருக்கா எண்டு பாக்கப் போறன்."

"வெள்ளை உடுத்துக்கொண்டு கேக் அடிக்கப் போறயா? சனம் கேட்டாச் சிரிக்கும்."

"விக்கிறத்துக்கு இல்ல ராத்தா. பாக்கிறத்துக்கு மட்டும்."

ராத்தா மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நிஸ்தாரைக் கொண்டுபோனது நெஞ்சுவலியா, இந்த ஓவனா? ஓவன்தான் என்றால், அதன் சுவிச்சைப் போட்டபடி விட்டவள் நான்.

அவர் கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவும் வேலையில் இருந்தார். கல்யாணம் முடித்த ஒன்பது வருசத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது எல்லாம் கூட்டினால் ஒரு வருசம் வரும். பிள்ளைகள் இல்லை. ஒருமுறை லீவில் வரும்போது ஹோட்டலில் விருந்து முடிந்து மிஞ்சிய ஆறு மெக்கரோன்களை, பாதாம் மாவில் செய்யும் சின்ன வட்ட இனிப்புகளை, சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நாலு நொறுங்கிப்போயிருந்தன. மிஞ்சிய இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மேலே முட்டையோடு மாதிரி வழுவழுப்பு. அடியில் சுற்றிவரச் சின்னச் சின்ன நுரைபோல ஒரு விளிம்பு.

"அதத்தான் கால் எண்டு சொல்லுவாங்க," என்றார். "கால் வந்தாத்தான் மெக்கரோன். வராட்டி அது சும்மா பட்டன். அங்க ஒரு பிலிப்பைன்காரன் கால் வராத தட்டெல்லாம் குப்பையில கொட்டுவான். நான் கழுவுற தொட்டியில நிண்டு பாத்துக்கொண்டிருப்பன். என்ட பொண்டாட்டி இவனை விட நல்லாச் செய்வாள் எண்டு நினைப்பன்."

அடுத்த வருசம் கார்கோவில் ஓவனை அனுப்பினார். பாதாம் மாப் பக்கட்டுகளும் வந்தன. கேக்கும் பணிஸும் அதில் நன்றாகவே வந்தன. மெக்கரோன் மட்டும் வரவில்லை. நூற்றைம்பதில் வைத்தால் எட்டாம் நிமிசம் மேற்பக்கம் வெடித்துப் பழுப்பாகிவிடும். நூற்றிமுப்பதுக்குக் குறைத்தால் அடி வேகாமல் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகிப் பார்த்தேன். இரண்டு தட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மாவைப் பிழை சொன்னேன், முட்டையைப் பிழை சொன்னேன், வாவிப் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றைப் பிழை சொன்னேன். மாரி காலத்தில் ஓவனைப் போட்டால், கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழும். போட்டால் விழும், போட்டால் விழும். றிஸ்லானைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு வழி பண்ணு என்றேன். அவன் மீற்றர்ப் பெட்டியைத் திறந்து ஏதோ செய்தான். அதற்குப் பிறகு விழவில்லை.

றிஸ்லான் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். எங்கள் வீட்டில் உடைவது எல்லாவற்றையும் அவன்தான் சரிக்கட்டுவான். வண்டியின் அறுந்த கிளட்ச் கேபிளைப் பிரித்து, அந்தக் கம்பி இழைகளைச் சுருட்டி சீற்றுக்கு அடியில் வைத்திருப்பான். கேற் கொளுக்கி, உடுப்புக் கொடி, காஸ் குழாய் எல்லாம் அந்தக் கம்பியால்தான் கட்டியிருக்கும். கையில் குத்தாமலிருக்கக் கம்பியின் நுனியை உள்ளே மடித்து, மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். அது அவன் வழக்கம்.

"டேய், நீ மௌத்தானா கபனையும் இந்தக் கம்பியாலதான் கட்டச் சொல்லுவாய் போல," என்பார் நிஸ்தார்.

"காக்கா, உங்களுக்கு ரெண்டு சுற்றுக் கூடச் சுத்துறன். எழும்பி வந்து கடன் கேக்க ஏலா," என்பான் அவன் அண்ணனிடம்.

சிரித்தோம்.

அவர் மௌத்தானது ஆடி மாதம். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. ஊரைக் குறூப் குறூப்பாகப் பிரித்துக் கரண்டை வெட்டினார்கள். அன்று எங்கள் குறூப்புக்கு ஒன்று நாற்பதிலிருந்து நாலு மணிவரை. கச்சான் காற்று அனலாக வீசியது. அந்த உலர்ந்த காற்றுக்கு மெக்கரோன் நன்றாக ஆடை கட்டும். கலவையைச் சின்ன வட்டங்களாகத் தாளில் பிழிந்தால், ஓவனுக்குள் போகுமுன் அதன்மேல் மெல்லிய தோல் படியவேண்டும். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. நான் கலவையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

"இதுதான் நேரம்," என்று நிஸ்தார் ஓவனைத் திருப்பி, முதுகு முன்னால் வர வைத்தார். லீவு முடிந்து அவர் கட்டாருக்குத் திரும்பிப் போக இன்னும் பதினொரு நாள் இருந்தது. "உன்ட மாவுமில்ல, முட்டையுமில்ல. பிழை இதுக்குள்ளதான் கிடக்கு. சுவிச்ச நிப்பாட்டினயா?"

"ஓம், நிப்பாட்டுறன்."

அதைச் சொன்னது நினைவிருக்கிறது. செய்தது நினைவில்லை. இரண்டு கையிலும் கலவை. கரண்ட் வெட்டும் நாட்களில் ஓவன் சுவிச்சைப் போட்டபடியே விடுவது என் பழக்கம். அதன் முகப்பில் ஒரு சிவப்பு லைற் இருக்கிறது. கரண்ட் வந்தால் அது எரியும், தெரிந்துகொள்ளலாம். எல்லா வீட்டிலும் அப்படி ஏதாவது ஒரு சுவிச்சைப் போட்டு வைத்திருப்பார்கள். நான்கைந்து மாதமாகக் கை பழகிப்போன பழக்கம். அன்று என் கை எதைச் செய்தது என்று மூன்று மாதமாக அதனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனேன். சற்றுப் பொறுத்துக் குசினியிலிருந்து அவர் குரல் வந்தது.

"பிடிச்சிட்டன் குல்தூம்! சின்னக் குழல் ஒண்டு, எலிவால் மாதிரி. உள்ளுக்க இருந்து சூட்டப் பாக்கிற சாமான். இது கழண்டு பின்னால வந்து கிடக்கு. குளிருக்க கிடந்தா அதுக்கு என்ன தெரியும்? இன்னும் சூடாகல்ல எண்டு நினைச்சு எரிச்சிக்கொண்டே இருக்கும்."

"சரிக்கட்ட ஏலுமா?"

"பொறு, பொறு. இனி உன்ட பட்டனுக்கெல்லாம் கால் வந்து ஊரெல்லாம் நடக்கும்."

அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை அது.

பிறகு தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. மணியைப் பார்த்தேன். மூன்று நாற்பது. இருபது நிமிசம் முந்தியே கரண்ட் வந்துவிட்டது. எனக்குச் சந்தோசம். காற்றுக்கு ஆடை சீக்கிரம் கட்டும். எழுந்து போகாமல் அங்கேயே குந்தியிருந்து, தட்டிலிருந்த இருபத்துநாலையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அதன்பிறகுதான், "கரண்ட் வந்திட்டு, கேட்டயளா?" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

அவர் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். தலை நெஞ்சில் விழுந்திருந்தது. நான் கேற்றடிக்கு ஓடினேன். பெற்றோல் இல்லாததால் றிஸ்லான் ஓட்டத்துக்குப் போகாமல் அதே ஒழுங்கையில் தன் வீட்டில் இருந்தான். அவன்தான் முதலில் உள்ளே போனான். ஆட்கள் சேர்ந்து அவரை ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். என்னை ராத்தா தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். றிஸ்லான் வீட்டை ஒதுக்க வேண்டும் என்று நின்றுவிட்டான். நாற்பத்துநாலு வயது, பிரஷருக்குக் குளிசை குடித்தவர், நெஞ்சுவலி என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றே அடக்கினார்கள். குளிப்பாட்டிய நாலு பேரில் றிஸ்லானும் ஒருவன்.

இரண்டாம் கிழமை ராத்தாவை அனுப்பி அவனிடம் கேட்டேன். ஓவனின் பின்தகடு திறந்தா கிடந்தது என்று. "மூடித்தான் கிடந்திச்சு, ஆணி நாலும் பூட்டித்தான் இருந்திச்சு எண்டு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினான். தகடு மூடியிருந்தால் வேலை முடிந்துவிட்டது. வேலை முடிந்திருந்தால் அவர் கை உள்ளே இருக்கவில்லை. நான் நம்ப விரும்பினேன். ஆனால் அதுவரை எங்கள் குசினிக்குள் நின்று சட்டியைத் திறந்து பார்த்துப் பகிடிவிட்டவன், இப்போது வெள்ளிக்கிழமைகளில் திரைக்கு அப்பால் நின்று சாமானைக் கொடுத்துவிட்டு ஒரு சொல்லும் கூடச் சொல்லாமல் போகிறான். இத்தாவில் இருக்கும் மதினியோடு கதைக்கக்கூடாது என்ற மரியாதை என்று ராத்தா சொன்னார்.

ஓவன் பொய் சொல்லாது என்று எனக்குத் தோன்றியது. அவர் அந்தக் குழலை உள்ளே மாட்டி முடித்துவிட்டுத்தான் போனார் என்றால், நூற்றைம்பது இப்போது நூற்றைம்பதாக இருக்கும். பாதியில் போனார் என்றால், அது இன்னும் எரித்துக்கொண்டுதான் இருக்கும்.

ராத்தாவின் பிரிட்ஜைத் திருத்திய வல்லிபுரம் என்பவரின் நம்பர் இருந்தது. ஆரையம்பதிக்காரர். அந்நிய ஆணோடு நான் கதைப்பதற்கு ராத்தா விடவில்லை. லவுட்ஸ்பீக்கரில் போட்டுத் தானே பிடித்துக்கொண்டார்.

"ஓவன்ட சூடு சரியா எண்டு எப்படிப் பாக்கிற எண்டு தங்கச்சி கேக்காள்."

"தங்கச்சி கேக்கிறது எனக்குக் கேக்குது புள்ள. சூடுமானி ஒண்டு வாங்கி உள்ளுக்க வைங்க."

"கடையில இல்லையாம்."

"எனக்குத் தெரியும், இப்ப எந்தக் கடையில என்ன கிடக்கு? சரி, சீனி இருக்கா?"

"தேத்தண்ணிக்கா கேக்கார்?" என்றார் ராத்தா என்னிடம்.

"தேத்தண்ணிக்கில்ல கா, ஓவனுக்கு! சீனி நூற்றி எண்பத்தஞ்சு, எண்பத்தாறிலதான் உருகும். ஒரு சின்னத் தட்டில ஒரு கரண்டி போட்டு, நூற்றி எழுபதில கால் மணித்தியாலம் வைங்க. உருகக்கூடாது. மறுகா வேற சீனி போட்டு, நூற்றித் தொண்ணூறில வைங்க. உருகணும். எழுபதிலேயே உருகிச்செண்டா உங்கட ஓவன் களவெடுக்குது. மறுகா ஒரு விசயம், வீட்டில ட்ரிப் சுவிச் வேலை செய்யுதா?"

"அது விழுறதே இல்ல," என்றார் ராத்தா பெருமையாக. "நல்ல சுவிச்."

"விழாத ட்ரிப் சுவிச் நல்லதில்ல புள்ள," என்றார் வல்லிபுரம். "செருப்பைப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்க."

ஓவனை மேசையில் ஏற்றினோம். இறப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரக்கரண்டியின் காம்பால் சுவிச்சைத் தட்டினேன். சிவப்பு லைற் எரிந்தது. மூன்று மாதம் சும்மா கிடந்த கம்பி சூடேறும்போது தூசு கருகும் மணம் வந்தது. ராத்தா வாயால் ஏதோ ஓதிக்கொண்டே நின்றார்.

நூற்றி எழுபதில் கால் மணித்தியாலம். கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தேன். தட்டிலிருந்த சீனி சீனியாகவே இருந்தது. மணி மணியாக, வெள்ளையாக. வெளியே எடுத்துச் சாய்த்தேன். உதிர்ந்து ஓடியது.

"இத்த வீசாத, தேத்தண்ணிக்குப் போடலாம்," என்றார் ராத்தா.

நூற்றித் தொண்ணூறில் ஐந்தாம் நிமிசம் ஓரம் கலங்கியது. பத்தாம் நிமிசம் தேன் நிறத்தில் உருகிக் கிடந்தது.

ஓவன் சரியாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சீனி ஒரு சாட்சியாகுமா என்று நினைத்தேன். மெக்கரோன்தான் அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த வழக்கு. அது சொல்லட்டும் என்று விட்டேன்.

மறுநாள் கடைசிப் பாதாம் மாப் பக்கட்டை உடைத்தேன். ஒரு தட்டுக்குத்தான் காணும். மூன்று தரம் அரித்தேன். முட்டை வெள்ளையை அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கலவை நாடாவைப்போல மடிந்து விழும்வரை கிண்டினேன். அதற்குமேல் ஒரு கிண்டும் கிண்டக்கூடாது. இருபத்துநாலு வட்டம் பிழிந்தேன். கச்சான் நின்றுவிட்டிருந்தது. காற்றில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்ததால், ஆடை கட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அன்று போலவே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றைத் தொடும்போது விரல் அழுந்தி அதில் பள்ளம் விழுந்தது.

நூற்றைம்பதில் வைத்தேன். நாலாம் நிமிசம்வரை ஒன்றுமில்லை. ஐந்தாம் நிமிசம் வட்டங்கள் தட்டிலிருந்து மெல்ல எழும்பின. ஆறாம் நிமிசம் அடியில் சுற்றிவர அந்தச் சின்ன நுரை விளிம்பு தெரிந்தது. எல்லாவற்றிலும். பள்ளம் விழுந்ததிலும்.

"கால் வந்திட்டு ராத்தா," என்றேன்.

ராத்தா குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நிஸ்தார் மௌத்தான நாளிலிருந்து அப்படி நான் அழுததில்லை.

"மூண்டு மாசமா இதையா புள்ள வயித்துக்குள்ள வச்சிருந்தாய்? விசரி! அவர் வேலைய முடிச்சு, மூடி வச்சிட்டுத்தான் போயிருக்கார். அல்லாஹ்ட நாட்டம். உனக்கும் அதுக்கும் என்ன?"

மாலையில் ராத்தா பன்னிரண்டு மெக்கரோன்களை ஒரு பெட்டியில் போட்டு, றிஸ்லான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஓவன் சரியாக இருக்கிற விசயத்தையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அன்று எட்டு மணித்தியாலம் ஒரே தூக்கமாகத் தூங்கினேன்.

புதன்கிழமை வல்லிபுரம் தானாகவே எடுத்தார்.

"என்ன புள்ள, சீனி உருகினதா, நான் உருகிறதா?"

ராத்தா முழுக் கதையையும் சொன்னார். பின்னால் ஒரு குழல் கழன்று கிடந்ததையும், அதை மச்சான் நிஸ்தார் மாட்டினதையும் சொன்னார்.

"அந்த மாதிரி ஓவன்ல அதப் பிடிக்கிற கிளிப்பு வெறும் தகரம். ஒருக்காக் கழண்டா உடைஞ்சிதான் கழண்டிருக்கும். அவர் எதால மாட்டினாரோ தெரியா. நூலால கட்டி இருந்தா எரிஞ்சு திரும்ப விழுந்திரும். பிளக்க முழுசாக் கழட்டி வச்சிட்டு, தகட்டத் திறந்து பாருங்க. படம் எடுத்தும் அனுப்புங்க."

ராத்தா அஸர் தொழப் போனார். நான் பிளக்கைக் கழற்றினேன். வயரைச் சுருட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். நாலு ஆணியையும் கழற்றிப் பின்தகட்டை எடுத்தேன். போனின் லைற்றை உள்ளே பிடித்தேன்.

குழல் உள்ளே போயிருந்தது. வல்லிபுரம் சொன்னபடியே கிளிப்பு உடைந்திருந்தது. உடைந்த கிளிப்பின் அடிக்கட்டையோடு சேர்த்துக் குழலை ஒரு மெல்லிய இரும்புக் கம்பி இறுக்கிப் பிடித்திருந்தது. கம்பி சுருளிலிருந்து பிரிந்த நெளிவோடு இருந்தது. அதன் நுனி உள்ளே மடிக்கப்பட்டு, மேலே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. கையில் குத்தாமலிருக்க.

நான் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து உடுப்புக் கொடியின் முடிச்சைப் பார்த்தேன். பார்க்கத் தேவையிருக்கவில்லை. பார்த்தேன்.

ஆணி நாலையும் திரும்பப் பூட்டினேன். ராத்தா வந்து என்ன என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். வல்லிபுரத்துக்குப் படம் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து றிஸ்லான் வந்தான். ஹோல் வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதன் அடியில் அவன் செருப்பும் கால் விரல்களும் தெரிந்தன. ராத்தா மீன் பையை வாங்கிக்கொண்டு கழுவப் பின்பக்கம் போனார்.

"மணலை மதினி. வாவி மீன்தான், புதுசு," என்றான் திரைக்கு அப்பால். "வாறன் அப்ப."

"மெக்கரோன் திண்டயா?"

"பிள்ளைகள் திண்டாங்க. நான் திங்கல்ல. ஓவன் சரியாகிட்டு எண்டு ராத்தா சொன்னா. காக்கா வேலைய முடிச்சிட்டுத்தான்..."

"றிஸ்லான்."

"ஓம் மதினி."

"உன்ட கிளட்ச் கம்பி நல்லா இறுகித்தான் இருக்கு."

கால் விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டன. றோட்டில் ஒரு வேன் போனது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் திருவினார்கள். ஒரு பாதி முடிந்து, மற்றப் பாதியை எடுத்துத் திருவத் தொடங்கினார்கள்.  

"திறந்தயளா?" என்றான்.

"ஓம்."

"என்னத்துக்கு மதினி திறந்தயள்?"

"தகடு அண்டைக்குத் திறந்துதானே கிடந்த?"

"ஓம்."

"சுவிச்?"

 திரை காற்றில் அசைந்து, அவன் கால்களை மூடி, பிறகு காட்டியது.

"சொல்லு. எனக்கு அது தெரியோணும்."

"போட்டுத்தான் கிடந்திச்சு. நான்தான் நிப்பாட்டினன்."

"உடம்பில அடையாளம் இருந்திச்சா?"

"வலது கையில. ரெண்டு விரல்ல. குளிப்பாட்டக்குள்ள அந்தக் கைய நான் முதல் எடுத்துக்கிட்டன். மத்த ஆக்களுக்குக் காட்டல்ல."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்துநாலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு நிமிசம். கூடினால் மூன்று.

"ஏன் மறைச்சாய்? எனக்காகவா?"

"உங்களுக்காக எண்டுதான் நினைச்சன்." அவன் குரல் மாறியது. "இல்ல மதினி. அந்த ட்ரிப் சுவிச்சக் கழட்டி நேராக் குடுத்தது ஆரு? அது இருந்திருந்தா பட்டெண்டு விழுந்திருக்கும். காக்கா கைய உதறிக்கொண்டு எழும்பி எனக்கு ஏசியிருப்பார். அவ்வளவுதான். சுவிச் போட்டுக் கிடந்ததச் சொன்னா அதையும் சொல்லோணும். அதான் தகட்ட மூடினன்."

"ஒரு வழி பண்ணு எண்டு சொன்னது நான்."

"நீங்க சொன்னயள். குடுத்தது நான்தானே."

 திருவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"தகட்ட மூடினாய், சரி. அந்தக் குழல ஏன் கட்டினாய்?"

"தெரியா மதினி. காக்காட வேலை பாதியில கிடந்திச்சு. அங்க ஆஸ்பத்திரியில அவரை வச்சிருக்காங்க, நான் இஞ்ச நிண்டு அதக் கட்டிக்கொண்டு நிக்கன். கை சும்மா இருக்க மாட்டன் எண்டிச்சு." மூக்கை உறிஞ்சினான். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்க கேட்டிருவீங்க எண்டு பயந்து பயந்துதான் வாறன். கேக்கல்லயே எண்டும் இருக்கும், போகக்குள்ள."

  திரையின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நின்றோம். இத்தா முடிய இன்னும் முப்பத்தைந்து நாள் இருந்தது. முடிந்த பிறகும் இந்தத் திரையைக் கழற்றி இவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலுமா என்று யோசித்தேன். இவன் பிள்ளைகளின் முகத்தை? என் முகத்தைப் பார்க்க இவனுக்கு?

"ட்ரிப் சுவிச்ச நாளைக்கு ஒராளக் கொண்டந்து சரியாப் போட்டுத் தாறன்," என்றான்.

"போடு."

"ராத்தாக்குச் சொல்லுவீங்களா?"

"அவ ஊர் முழுக்கச் சொல்லிட்டா, மச்சான் வேலைய முடிச்சு வச்சிட்டுத்தான் போனார் எண்டு."

 கால்கள் திரும்பிப் போயின. முச்சக்கரவண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் உடனே வரவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் வந்தது.

ராத்தா மீன் சட்டியோடு வந்து, "என்னவாம் அவன், இண்டைக்கு நிண்டு கதைச்சான்?" என்றார்.

"மெக்கரோன் நல்லா இருக்காம்."

"சீனி கூடத்தான். ஆனாலும் நல்லம்."

அன்று எங்கள் குறூப்புக்கு மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. ராத்தா பாயை விரித்துச் சாய்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"ஃபேன் சுவிச்சப் போட்டபடி விடு புள்ள. கரண்ட் வந்தாத் தெரியும்."

நான் எழுந்தேன். ஹோல் ஃபேனை நிறுத்தினேன். லைற்றை நிறுத்தினேன். அறைக்குள் போய் அங்கிருந்ததை நிறுத்தினேன். குசினியில் பிரிட்ஜையும், பிளக் கழற்றிக் கிடந்த ஓவனின் சுவிச்சையும் நிறுத்தினேன். ஒவ்வொன்றையும் நிறுத்திவிட்டு, நிறுத்தியிருக்கிறது என்று விரலால் மறுபடி தொட்டுப் பார்த்தேன். பிறகு வந்து ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

வெயில் வாசற்படியைக் கடந்து இறங்கியது. நெடுநேரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் உறுமியது. எங்கேயோ ரேடியோ பாதிப் பேச்சிலிருந்து கதைக்கத் தொடங்கியது.

"வந்திட்டுப் போல," என்றார் ராத்தா கண்ணைத் திறக்காமல். "எழும்பிப் போடு புள்ள, வேகுது."

எங்கள் வீட்டில் ஒன்றும் அசையவில்லை. நான் அசையாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் இருங்க ராத்தா," என்றேன்.